செம்பனையும் எரிபொருளும்: ஒரு தொழில் வளர்ந்த வரலாறு



அண்மையில் அறிவியல் பாடவேளையில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, நம் நாட்டில்தான் இவ்வளவு செம்பனை இருக்கிறதே! அந்த எண்ணெயிலேயே எல்லா லாரிகளையும் ஓட்டிவிடலாமே?” என்று கேட்டான். அறிவார்ந்த கேள்விதான். ஆனால் பாடநூல் தரும் இரண்டு வரி விடையால் அதற்கு நியாயம் செய்ய இயலாது. அக்கேள்விக்கு விடை தேட நம் நாடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செலவிட்டிருக்கிறது. அந்த வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

தாவர எண்ணெயில் ஓடிய முதல் இயந்திரங்கள்

1900ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இயந்திரம் நிலக்கடலை எண்ணெயில் இயங்கிக் காட்டியது. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விளையும் கடலையைக் கொண்டே அங்குள்ள இயந்திரங்களை ஓட்ட இயலுமா என்று அறிய பிரெஞ்சு அரசாங்கம் விரும்பியதே அதற்குக் காரணம். இயந்திரத்தைக் கண்டுபிடித்த ருடோல்ப் டீசலும் தாவர எண்ணெய்க்கு எதிர்காலம் உண்டு என்று நம்பினார். ஆனால் பெட்ரோலியம் மலிவாகக் கிடைத்ததால் அந்த எண்ணம் கிடப்பில் போடப்பட்டது.

தாவர எண்ணெயை அப்படியே இயந்திரத்தில் ஊற்றினால் அதன் பிசுபிசுப்பு தடையாகிறது, கரி படிகிறது, குழாய்கள் அடைத்துக்கொள்கின்றன. இதற்குத் தீர்வு கண்டவர் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாவான் என்னும் அறிஞர். எண்ணெயுடன் சாராயத்தை வினைபுரியச் செய்து, கிளிசரினைப் பிரித்தெடுத்துவிட்டால் எஞ்சுவது டீசலைப் போன்றே இளகிய திரவமாக இருக்கும் என்பதை உணர்ந்து 1937இல் அவர் காப்புரிமை பெற்றார். அதற்கு அடுத்த ஆண்டே பிரஸ்ஸல்சுக்கும் லூவேனுக்கும் இடையே ஒரு பயணிகள் பேருந்து அவ்வெரிபொருளில் ஓடியது. அதற்குப் பயன்பட்ட மூலப்பொருள் எது தெரியுமா? செம்பனை எண்ணெய்தான்! இன்று நாம் பயோடீசல் என்று அழைப்பதற்கு இதுவே முன்னோடி.

செம்பனை நம் மண்ணுக்கு வந்த கதை

செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். 1848இல் ஜாவாத் தீவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்திரா வழியாக மலாயாவுக்கு வந்தன. தொடக்கத்தில் அது வெறும் அழகு மரம். 1917இல் ஹென்றி போகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் கோலசிலாங்கூர் வட்டாரத்திலுள்ள தென்னமாரம் தோட்டத்தில் அதனை வாணிக நோக்கில் பயிரிட்டார். பின்னாளில் மலாயாவைப் பற்றிய நாவலுக்காகப் பிரான்சின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசை 1930இல் பெற்றவரும் இவரே.

அக்காலத்தில் இரப்பரே அரசன். செயற்கை இரப்பரின் போட்டியால் விலை ஆட்டம் கண்ட பிறகுதான் செம்பனை தலைநிமிர்ந்தது. 1956இல் தோற்றுவிக்கப்பட்ட பெல்டா, 1961 முதல் தன் நிலத்திட்டங்களில் செம்பனையை நடத் தொடங்கியது. 1960இல் ஏறத்தாழ 54,000 ஹெக்டராக இருந்த பரப்பு, 2006இல் 41 லட்சம் ஹெக்டரைத் தாண்டிவிட்டது.

நிற்க. இந்த வளர்ச்சியில் நம் சமுதாயத்தின் பங்கும் உண்டு, இழப்பும் உண்டு. 1981க்கு முன்னர் மலேசியத் தோட்டங்கள் பலவற்றில் செம்பனைப் பூக்களுக்குக் கையால் மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. மகரந்தப் பொடியை முகப்பவுடர் போன்ற மாவுடன் கலந்து, மரம் மரமாகச் சென்று பூக்குலையில் ஊதுவார்கள். முட்கள் நிறைந்த மட்டைகளுக்கிடையே கையை நுழைத்து இவ்வேலையைச் செய்தவர்களில் நம் தாய்மார்கள் பலர். லெஸ்லி டேவிட்சன் என்னும் தோட்ட நிர்வாகியின் முயற்சியால், கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறு கூன்வண்டு 1981 பிப்ரவரியில் ஜொகூரில் விடுவிக்கப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் அந்த வண்டு நாடெங்கும் பரவியது. கையால் மகரந்தம் தூவும் வேலை முற்றாக மறைந்தது.

காய்ப்பு பெருகியது, ஆலைகள் பெருகின. ஆனால் பால்மரத்தைப் போல் நாள்தோறும் சீவ வேண்டிய தேவை செம்பனைக்கு இல்லை. ஆகவே ஓர் ஏக்கருக்குத் தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கை குறைந்தது. இரப்பர் காடுகள் செம்பனைக் காடுகளாக மாறியபோது லயங்கள் வெறிச்சோடின. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை சரிந்தது. இன்று நாம் பணியாற்றும் பள்ளிகளின் வரலாற்றோடு பிணைந்த செய்தி இது.

ஆய்வுக்கூடத்திலிருந்து சாலைக்கு

1980இல் சுமார் 26 லட்சம் டன்னாக இருந்த செம்பனை எண்ணெய் உற்பத்தி 1990இல் 61 லட்சம் டன்னாக உயர்ந்தது. இவ்வளவு எண்ணெயையும் உலகம் வாங்குமா என்ற அச்சம் எழுந்தது இயல்பே. 1979இல் நிறுவப்பட்ட மலேசியச் செம்பனை எண்ணெய் ஆய்வுக் கழகமாகிய போரிம், 1982இல் பயோடீசல் ஆய்வைத் தொடங்கியது. பெட்ரோனாஸ் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் ஆண்டுக்கு 3,000 டன் உற்பத்தி செய்யும் முன்னோடி ஆலை உருவானது. மெர்சிடிஸ் பென்ஸ் இயந்திரங்கள் பொருத்தப்பட்ட பேருந்துகளில் நீண்டகாலச் சாலைச் சோதனைகள் நடந்தன. முடிவு தெளிவாக இருந்தது: இயந்திரம் ஓடும், பழுதாகாது.

ஒரு குறையும் தென்பட்டது. செம்பனைப் பயோடீசல் ஏறத்தாழ 15 பாகை செல்சியசிலேயே உறையத் தொடங்கிவிடும். நமக்கு அது சிக்கலன்று; ஐரோப்பியக் குளிருக்கு அது ஆகாது. இதற்காகக் குளிர்கால வகை ஒன்றையும் நம் ஆய்வாளர்கள் பின்னர் உருவாக்கினர்.

ஆக, தொழில்நுட்பம் கைவசம் இருந்தது. ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழில் பிறக்கவில்லை. பெட்ரோலியம் மலிவாக இருந்தவரை, விலை கூடுதலான எரிபொருளை யார் வாங்குவார்?

2006: பெருங்கனவும் பேரிடியும்

கச்சா எண்ணெய் விலை ஏறத் தொடங்கியதும் நிலைமை மாறியது. 2006 மார்ச் மாதம் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை அறிவிக்கப்பட்டது. அப்போது ஒரு டன் செம்பனை எண்ணெயின் விலை ஏறத்தாழ 1,400 ரிங்கிட். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் உரிமம் கேட்டு வரிசையில் நின்றனர். 90க்கும் மேற்பட்ட உரிமங்கள் வழங்கப்பட்டன. அவற்றின் மொத்தக் கொள்ளளவு ஆண்டுக்குச் சுமார் 1 கோடி டன். அவ்வாண்டு நாட்டின் மொத்தச் செம்பனை எண்ணெய் உற்பத்தியோ 1 கோடியே 59 லட்சம் டன் மட்டுமே! அதாவது நாட்டில் விளையும் எண்ணெயில் மூன்றில் இரண்டு பங்கை எரிப்பதற்கு உரிமம் கொடுத்தாயிற்று. சமையலுக்கும் ஏற்றுமதிக்கும் என்ன எஞ்சும்? அரசாங்கம் விழித்துக்கொண்டு புதிய உரிமங்களை அதே ஆண்டில் நிறுத்தி வைத்தது.

அடுத்து நிகழ்ந்ததுதான் பாடம். பயோடீசலுக்கான எதிர்பார்ப்பே செம்பனை எண்ணெய் விலையை ஏற்றிவிட்ட காரணங்களுள் ஒன்றாயிற்று. 2008 மார்ச்சில் விலை டன்னுக்கு 4,000 ரிங்கிட்டைத் தாண்டியது. மூலப்பொருளே இந்த விலை என்றால் அதிலிருந்து செய்த டீசலை யார் வாங்க முடியும்? உரலுக்கு ஒரு பக்கம் இடி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பயோடீசல் ஆலைக்காரர் மத்தளமானார். ஒருபுறம் செம்பனை விலை, மறுபுறம் பெட்ரோலிய விலை. இரண்டுமே அவர் கையில் இல்லை. அவ்வாண்டின் இறுதியில் உலக நிதி நெருக்கடியால் செம்பனை விலை சரிந்தபோது கச்சா எண்ணெய் விலையும் கூடவே சரிந்தது. 2008இல் நாட்டின் பயோடீசல் உற்பத்தி 2 லட்சம் டன்னைக்கூட எட்டவில்லை. உரிமம் பெற்ற பலர் ஆலையே கட்டவில்லை; கட்டிய சிலர் பூட்டிவிட்டனர்.

உள்நாட்டுப் பயன்பாட்டிலும் ஒரு சறுக்கல் நேர்ந்தது. ‘என்வோ டீசல்’ என்ற பெயரில் 95 விழுக்காடு சாதாரண டீசலுடன் 5 விழுக்காடு சுத்திகரித்த செம்பனை எண்ணெயை நேரடியாகக் கலக்கத் திட்டமிட்டனர். வேதிவினைக்கு உட்படுத்தாத எண்ணெய் என்பதால் இயந்திர உற்பத்தியாளர்கள் உத்தரவாதம் தரத் தயங்கினர். 2008இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. பிரஸ்ஸல்ஸ் அறிஞர் 1937இலேயே தீர்த்து வைத்த சிக்கலை மீண்டும் ஒருமுறை நாம் கற்க நேர்ந்தது.

கட்டாயக் கலப்பு என்னும் ஊன்றுகோல்

அதன்பின் பாதை மாறியது. 2007ஆம் ஆண்டின் உயிரி எரிபொருள் தொழில் சட்டத்தின் துணையுடன், முறையான பயோடீசலைக் கட்டாயமாகக் கலக்கும் திட்டம் படிப்படியாக வந்தது. 2011இல் புத்ராஜெயாவில் தொடங்கி மத்திய வட்டார மாநிலங்களுக்கு 5 விழுக்காட்டுக் கலப்பு. 2014 இறுதியில் 7 விழுக்காடு. 2019இல் போக்குவரத்துத் துறைக்கு 10 விழுக்காடு. 2020 தொடக்கத்தில் லங்காவியில் 20 விழுக்காட்டுக் கலப்பு அறிமுகமானது. ஆனால் அதனை நாடு முழுமைக்கும் விரிவாக்கும் காலக்கெடு பன்முறை தள்ளிப்போனது. கலக்கும் நிலையங்கள் வேண்டும். விலை வேறுபாட்டை ஒருவர் சுமக்கவும் வேண்டும்.

ஏற்றுமதிச் சந்தையும் இறுகியது. காடழிப்பைக் காரணம் காட்டி, 2030க்குள் செம்பனை எண்ணெயைத் தன் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் கணக்கிலிருந்து படிப்படியாக நீக்க ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் விதி வகுத்தது. மலேசியா 2021இல் உலக வாணிப அமைப்பில் வழக்குத் தொடுத்தது. 2024 மார்ச்சில் வெளிவந்த தீர்ப்பு, விதிகளை வகுத்து நடைமுறைப்படுத்திய முறையில் குறைகளைச் சுட்டினாலும், அத்தகைய விதியை வகுக்கும் உரிமையை மறுக்கவில்லை.

ஆலையின் பின்புறம் கிடக்கும் செல்வம்

நாம் எண்ணெயை மட்டுமே பார்க்கிறோம். 100 கிலோ செம்பனைக் குலையை ஆலையில் இட்டால் கிடைக்கும் எண்ணெய் ஏறத்தாழ 20 கிலோதான். அதைவிடக் கூடுதலாக, 22 கிலோ அளவுக்கு வெற்றுக்குலை மிஞ்சுகிறது. நாரும் ஓடும் தனி. நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரித்துத் தங்கள் நீராவியையும் மின்சாரத்தையும் ஆலைகள் நெடுங்காலமாகவே பெற்று வருகின்றன. வெற்றுக்குலையோ பாதிக்கு மேல் ஈரம், பருமன் மிகுதி, லாரிக் கூலிக்கே கட்டுப்படியாகாது.

2001இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியை ‘ஐந்தாவது எரிபொருள்’ என அறிவித்து, 2005க்குள் மின்சாரத்தில் 5 விழுக்காடு என்று இலக்கு வைத்தனர். இலக்கு எட்டப்படவில்லை. மின்சாரத்துக்குக் கிடைத்த விலை குறைவு. ஆலைகள் மின்கம்பிகளுக்கு வெகு தொலைவு. எரிபொருள் தொடர்ந்து கிடைக்குமா என்ற ஐயத்தால் வங்கிகள் கடன் தரவும் தயங்கின. 2011இல் வந்த புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் மின்சாரத்துக்கு உறுதியான விலையை நிர்ணயித்தபோதுதான் ஓரளவு வழி பிறந்தது. ஆலைக் கழிவுநீர்க் குளங்களிலிருந்து எழும் மீத்தேன் வாயுவைப் பிடிக்கும் ஏற்பாடு, 2014 முதல் புதிய ஆலைகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. முன்பு மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த குளம் இன்று விளக்கெரிக்கிறது.

நாம் கற்பது என்ன?

என் மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: “முடியும் தம்பி. ஆனால் முடியும் என்பதும் கட்டுப்படியாகும் என்பதும் வேறு வேறு.” ஒரு பொருளைச் செய்யும் வித்தை தெரிந்துவிட்டால் மட்டும் தொழில் உருவாகிவிடாது. மூலப்பொருளின் விலை, வாங்குவோரின் நம்பிக்கை, நிலையான சட்டம், இழப்பைத் தாங்கும் முதல் ஆகியவை ஒருசேர அமைய வேண்டும். சமையல் சட்டிக்கும் இயந்திரத்துக்கும் ஒரே எண்ணெய் போட்டியிட்டால் முதலில் அடிபடுவது ஏழையின் அடுப்படியே என்பதையும் மறத்தலாகாது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் வாழ்ந்த பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால், செம்பனைக்கு மகரந்தம் தூவிய கதையையும் குலை சுமந்த கதையையும் பிள்ளைகளிடம் கூறச் சொல்லுங்கள். அந்தக் கைகளைப் பற்றிப் பாடநூலில் ஒரு வரியும் இல்லை. அதைச் சேர்த்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.