குறித்த வேகமும் மிகை வேகமும்

நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தின் நடுவே, கமோர்ட்டாவுக்கு மேற்கில் அமைந்தது கட்சால். தென்னையும் காடும் நிறைந்த அத்தீவில் தமிழ் ஒலிக்கக் காரணமாயிருந்தது ரப்பர் மரம். 1964 அக்டோபர் 30 அன்று லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, இலங்கைத் தோட்டங்களில் உழைத்துவந்த இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. அவ்வாறு தாயகம் திரும்பியோருள் சில குடும்பங்கள் கடல் கடந்து கட்சாலின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பெற்றன. சொந்த மாநிலத்தை விட்டுப் பிழைக்கச் சென்ற தமிழர் வரலாற்றில் இது ஒரு சிறிய ஏடு. ஆனால் இன்று நாம் ஆராயப் புகும் ஒரு கேள்விக்கு இதுவே நல்ல தொடக்கமாகும்.

ரப்பர் மரம் நட்டு ஏழாண்டளவில் பாலுக்கு வரும். பட்டையில் அரைச்சுற்றாகச் சாய்ந்த கீறலிட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பால் வெட்டுவது நெடுங்காலமாகப் போற்றப்பட்ட முறை. அளவறிந்து வெட்டினால் பட்டை மீண்டும் வளரும்; மரம் இருபது ஆண்டுகளுக்கு மேலும் பயன் தரும். நாள்தோறும் வெட்டினாலோ, எத்திஃபான் என்னும் ஊக்கமருந்தை அளவின்றிப் பூசினாலோ, சில காலம் பால் பெருகும். பிறகு பட்டை வறண்டு, வெட்டினாலும் பால் வாராது. மிகுதியான பால் வேண்டுவோர்க்கு வேறு வழியும் உண்டு. கோட்டயத்திலுள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980 இல் வெளியிட்ட ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 போன்ற உயர் இனங்களை நடலாம். ஆனால் அதற்குப் பணமும் வேண்டும், ஏழாண்டுப் பொறுமையும் வேண்டும். இருப்பதைக் கசக்கிப் பிழிவதா, நல்லதைப் புதிதாகத் தேடுவதா? நாளையே வெட்டி வீழ்த்தப்படவிருக்கும் கிழட்டு மரத்தில் உடையவன் கடுமையாகப் பால் எடுத்தால் எவரும் குறை கூறார். குத்தகைக்கு எடுத்தவன் பிறர் மரத்தில் அவ்வாறு செய்துவிட்டுக் குத்தகைக் காலம் முடிந்ததும் விலகிக்கொண்டால், அதற்குப் பெயர் வேறு.

இதே கேள்வி கணிப்பொறி உலகிலும் எழுந்தது. கணிப்பொறியின் செயலிக்கு ஒரு தாளம் உண்டு; விநாடிக்கு இத்தனை துடிப்பு என்று செய்தவர் குறித்துக் கொடுக்கின்றனர். அக்குறிப்பை மீறித் துடிப்பை விரைவுபடுத்துவதை ஆங்கிலத்தில் ‘ஓவர்கிளாக்கிங்’ என்பர். மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவனாதலால், இச்சொல்லை நேராகப் பெயர்க்க முயன்று பார்த்தேன். ‘கடிகாரத்துக்கு மேல்’ என்று நகைப்புக்கிடமாயிற்று. மிகைவேக ஓட்டம் என்று கொள்வோம்.

1984 இல் ஐ.பி.எம். நிறுவனம் ‘ஏ.டி.’ என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. அதன் செயலி 6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. தாளத்தைத் தந்தது 12 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்று. அதைக் கழற்றிவிட்டுச் சிறு செலவில் 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகினால், பொறி 8 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. பயன்படுத்துவோர் மகிழ்ந்தனர், நிறுவனம் மகிழவில்லை. அடுத்து வந்த பொறிகளின் நிலைநினைவகத்தில், வேகம் கூடியிருந்தால் தொடக்கத்திலேயே நின்றுவிடும்படி ஒரு சோதனையைப் புகுத்திற்று. விலை கொடுத்து வாங்கியபின் பொறி யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

செய்தவர் இடும் அளவு எப்போதும் இயற்கையின் எல்லையன்று என்பதையும் கருத வேண்டும். ஒரே சிலிக்கான் வட்டிலிருந்து பிறக்கும் சில்லுகள் சோதிக்கப்பெற்று, தாங்கும் திறனுக்கேற்பப் பெயரும் விலையும் பெறுகின்றன. மலிவுச் சரக்குக்குத் தேவை மிகுந்தால், உயர்ந்த சில்லும் தாழ்ந்த பெயர் தாங்கி வெளிவரும். 1991 இல் இன்டெல் விற்ற 486 எஸ்.எக்ஸ். செயலிகள் பலவற்றில் கணிதப் பகுதி உள்ளேயே இருந்தது. அது செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. 1998 ஆகஸ்டில் வந்த செலரான் 300 ஏ என்னும் மலிவான செயலி, அடித்தாளத்தை 66 இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தியதும், 300 க்குப் பதில் 450 இல் ஓடியது. அந்நாளைய உயர்விலைச் செயலியின் வேகம் அதுவே. இதைக் கண்டறிந்து பயன்கொண்ட மாணவனைத் திருடன் என்பது முறையாகாது. விற்றவரே திறனை மறைத்து விற்கும்போது, வாங்கியவன் அதை வெளிக்கொணர்வதில் என்ன குற்றம்?

குற்றம் வேறிடத்தில் நுழைந்தது. தொண்ணூறுகளில் சில வணிகர்கள் வேகம் குறைந்த செயலியின் மேலிருந்த எழுத்தை அழித்து, உயர்ந்த எண்ணைப் பொறித்து விற்றனர். வாங்கியவர், தாம் மிகைவேகத்தில் ஓடும் பொருளை வைத்திருப்பதை அறியார். கணக்கு பிழைத்தாலும், பொறி இடையில் நின்றாலும் தம் விதியை நொந்துகொண்டார். இவ்வஞ்சகத்தைக் காரணங்காட்டியே செயலிகளின் தாளப் பெருக்கம் பூட்டப்பட்டது. சிலர் செய்த மோசடிக்கு எல்லோரும் தண்டனை பெற்றனர். பின்னர்ப் பூட்டே ஒரு வணிகமாயிற்று. 2010 முதல் இன்டெல், ‘கே’ என்ற எழுத்தைத் தாங்கிய பூட்டில்லாச் செயலிகளைக் கூடுதல் விலைக்கு விற்கலாயிற்று. 2012 இல், தனிக்கட்டணம் செலுத்தினால், மிகைவேகத்தால் கெட்ட செயலிக்கு ஒருமுறை மாற்றுத் தரும் திட்டத்தையும் அறிவித்தது. அத்திட்டம் 2021 இல் முடிந்தது. எனினும் அதை நான் பாராட்டுவேன்; கெடுத்துக்கொண்டதை மறைத்து, ‘தானாகவே கெட்டது’ என்று பொய் கூறி மாற்றுக் கேட்போருக்கு நேரான வழியொன்றை அது திறந்துவைத்தது.

தில்லி நேரு பிளேஸிலும், பெங்களூரு எஸ்.பி. சாலையிலும், மும்பை லேமிங்டன் சாலையிலும் கைமாறிய உறுப்புகளைத் தேடி அலையும் நம்மவர் பலர். புதிய செயலி வாங்க வசதியற்றவன் பழையதை விரைவுபடுத்துவது சிக்கனமே. குப்பையில் சேரவேண்டிய பொருள் இன்னும் ஈராண்டு உழைக்கிறது. ஆயினும் செலவு முழுதும் விற்பனைச் சீட்டில் தெரிவதில்லை. வேகத்தையும் மின்னழுத்தத்தையும் பத்தில் ஒரு பங்கு உயர்த்தினால், இயங்குகையில் செயலி கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். நகரத்தில் அது மின்கட்டணத்தில் சில ரூபாய். கட்சால் போன்ற தீவில் மின்சாரம் பெரும்பாலும் டீசலால் பிறக்கிறது; அந்த டீசல் கப்பலில் வந்து இறங்க வேண்டும். கப்பல் தாமதித்தால் இருளில் இருப்பவர் மிகைவேகத்தை விரும்பியவர் மட்டும் அல்லர்.

சொந்தச் செயலியைச் சொந்த மேசையில் சூடாக்கிக்கொள்பவனோடு எனக்கு வழக்கில்லை. அலுவலகப் பொறியை, கேளாமல், விரைவுபடுத்துபவனோடுதான் வழக்கு. மிகைவேகத்தில் ஓடும் செயலி நின்றுபோனால் உடனே தெரியும். நிற்காமல் ஒரு கூட்டலைப் பிழையாகச் செய்தால் தெரியாது. அக்கூட்டல் ஓர் ஊதியப் பட்டியலிலோ நிவாரணக் கணக்கிலோ இருக்கக்கூடும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையால் சிதைந்த தீவுகளுள் கட்சாலும் ஒன்று. அங்கே இழப்பீட்டுப் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் என்ன நேரும் என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. பழைய உறுப்பை விற்பவர், அது எத்தனை காலம், எந்த வேகத்தில் ஓடியது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரலாம். வாங்குபவர் அதைக் கேட்டுப் பெறலாம். விலையை அதற்குப் பின் பேசலாம்.