கார் பிரேக் பராமரிப்பு: எண்ணூர்க் கடற்கரை

காரை நிறுத்தும் உறுப்புகளில் உண்டாகும் தேய்மானம், துரு, கசிவு ஆகியவற்றைக் காலமுறையில் பார்த்துச் சரிசெய்வதே பிரேக் பராமரிப்பு. கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை வைத்தே இதைக் கணக்கிடுவது வழக்கம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவ ஊரான நெட்டுக்குப்பத்தில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே உப்புக்காற்று ஓடாமல் நிற்கும் காரையும் அரிக்கும். மாதக் கணக்கே பொருந்தும்.

வாகனத் தயாரிப்பும் பிரேக் தயாரிப்பும் எண்ணூர் அடங்கிய சென்னைக்குப் புதியவை அல்ல. அசோக் லேலண்டின் எண்ணூர் ஆலை 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸிலிருந்து வளர்ந்தது. பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகிய இரு நிறுவனங்களும் 1962-இல் பாடியில் தோன்றின. சுந்தரம் கிளேட்டன் செய்த ஏர் பிரேக் கனரக வண்டிகளுக்கானது. சென்னைத் துறைமுகத்துக்கு வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகளில் அழுத்தக் காற்றுதான் பிரேக்கை இயக்குகிறது. காரில் அந்த வேலையைப் பிரேக் ஆயில் செய்கிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஆயிலின் அழுத்தம் சக்கரங்களுக்குப் போகிறது. பல கார்களில் முன்சக்கரத்தில் டிஸ்க்கும் பேடும், பின்சக்கரத்தில் டிரம்மும் ஷூவும் இருக்கும்.

இரவில் வெளியே நின்ற காரின் டிஸ்க்கில் காலையில் செந்நிறத் துரு படிந்திருப்பது கடலோரத்தில் சாதாரணம். முதல் சில மிதிகளில் கரகரவென்று தேய்ந்து போய்விடும். அதற்காக மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம். வாரக்கணக்கில் நின்ற கார்தான் கவலைக்குரியது. டிஸ்க்கில் குழி விழும், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகரும் பின்கள் இறுகும், ஆயில் போகும் இரும்புக் குழாய் அரிக்கும். ஒரு பக்கக் காலிப்பர் இறுகினால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒருபுறமாக இழுக்கும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோனாலே தெரியும்: இறுகிய சக்கரம் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும். டிஸ்க்கைத் தொடக் கூடாது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டபடி பல நாள் விட்டால் ஷூ டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைக்கும் பழைய வழக்கம் இங்கே புத்திசாலித்தனமானது.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பின் அதற்கான வரம்பு 155 மட்டுமே. சமதளமான எண்ணூர் நெடுஞ்சாலையில் இந்தக் குறை வெளிப்படாது. ஏற்காட்டு மலையிறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகி, பெடல் தரைவரை போகும்போதுதான் தெரியவரும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது பொதுவான பரிந்துரை. டப்பாவில் ஆயில் மட்டம் மெல்ல இறங்கினால் உடனே ஊற்றி நிரப்புவது தவறு. பேட் தேய்ந்தாலும் மட்டம் இறங்கும், குழாய் கசிந்தாலும் இறங்கும். காரணம் தெரியாமல் நிரப்புவது எச்சரிக்கையை மறைப்பதாகும். எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவர் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. வெள்ளத்தில் நின்ற காருக்கு இந்த வேறுபாடு முக்கியம்: வெறும் மழைநீரில் நனைந்த பிரேக்கை, மெதுவாக ஓட்டி இலேசாக மிதித்து உலர்த்திவிடலாம். எண்ணெய் ஊறிய பேடையும் ஷூவையும் கழுவி மீட்க முடியாது. மாற்றியே ஆக வேண்டும். டிரம்மைக் கழற்றிச் சேற்றையும் மணலையும் எடுப்பதும் அவசியம். அப்போது ஏர் அடித்துத் தூசியை ஊதக் கூடாது. பழைய ஷூ லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும்.

பேடின் உராய்வுப்பகுதி 3 மி.மீ. அளவுக்கு வந்தால் மாற்றத் தயாராக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழ் போனதை லேத்தில் கடைந்து ஒப்பேற்றுவது ஆபத்து. புதிய பேட் போட்டதும் வண்டியை நகர்த்துமுன், பெடல் இறுகும்வரை பலமுறை மிதியுங்கள். இல்லாவிட்டால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது.