கிரிட்-டை இன்வெர்ட்டர்: ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளும் தமிழ்நாட்டு மொட்டைமாடிகளும்

சூரியத் தகட்டிலிருந்தோ சிறு காற்றாலையிலிருந்தோ கிடைக்கும் மின்சாரத்தை, தெருக்கம்பியில் ஓடும் மாறுதிசை மின்சாரத்தோடு அழுத்தத்திலும் அதிர்வெண்ணிலும் ஒத்துப்போகும்படி மாற்றி, வீட்டு இணைப்பின் வழியே மின்வாரியத்தின் கட்டமைப்புக்குள் செலுத்தும் கருவி கிரிட்-டை இன்வெர்ட்டர். தமிழ்நாட்டுக் கடைகளில் இதை ‘ஆன்-கிரிட் இன்வெர்ட்டர்’ என்பார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் இந்த வகைக் கருவிகளும் சூரியத் தகடுகளும் பெருமளவில் உற்பத்தியாகியுள்ளன. ஆனால் அதே வட்டாரத்தில் வீடு கட்டியவர் அவற்றை வாங்கலாமா, வாங்கினால் எந்த வகையை வாங்கலாம் என்பதை ஆலைகளோ தொழில்நுட்பமோ தீர்மானிக்கவில்லை. மீட்டரில் ஓடும் கணக்கை எப்படி எழுதுவது என்ற விதிதான் தீர்மானித்தது. அந்த விதி பத்தாண்டுக்குள் இரண்டு முறை தலைகீழானது.

ஒரு சொல், இரண்டு பெட்டிகள்

தமிழ்நாட்டில் 2008 முதல் மின்தட்டுப்பாடு கடுமையானது. 2012இல் சென்னையில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமும், பிற மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்சாரம் நின்றது. உயரழுத்த இணைப்பு பெற்ற ஆலைகளுக்கு 40 விழுக்காடு மின்வெட்டு இருந்தது. ‘இன்வெர்ட்டர்’ என்ற சொல் வீட்டுப் பேச்சுக்குள் ஆழமாக நுழைந்தது அப்போதுதான். படிக்கட்டின் அடியில் ஒரு பெட்டி, பக்கத்தில் காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டிய பெரிய பேட்டரி, கரண்ட் போனதும் தானே ஓடும் இரண்டு விசிறி, நான்கு விளக்கு. மக்களுக்கு இன்வெர்ட்டர் என்றால் இதுதான்.

கிரிட்-டை இன்வெர்ட்டர் செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. கரண்ட் போனதும் அதுவும் நின்றுவிடும். இது பழுதல்ல, சட்டம் கேட்கும் நடத்தை. கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது, ஏதோ ஒரு மாடியிலிருந்து மின்சாரம் திரும்பி வந்தால் அவர் உயிர் போகும். மத்திய மின்சார ஆணையம் 2013இல் வெளியிட்ட இணைப்பு விதிகள், கட்டமைப்பு செயலிழந்த இரண்டு நொடிக்குள் வீட்டு உற்பத்தி விலகிக்கொள்ள வேண்டும் என்கின்றன. மின்னழுத்தம் இயல்பு அளவின் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினாலும் 110 விழுக்காட்டுக்கு மேலே ஏறினாலும் விலக வேண்டும். 230 வோல்ட் இணைப்பில் இது 184 முதல் 253 வோல்ட் வரை. டிரான்ஸ்பார்மரிலிருந்து தொலைவில், வால்முனையில் இருக்கும் வீடுகளில் நல்ல வெயில் நேரத்தில் இன்வெர்ட்டர் அடிக்கடி அணைந்து எரிவதற்கு இந்த எல்லை பெரும்பாலும் காரணம். அப்போது குறை சொல்லப்படுவது என்னவோ பெட்டிதான்.

2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் சென்னையையும் சுற்றுப்புறத்தையும் தாக்கியபோது இந்த வேறுபாடு பலருக்கு உறைத்திருக்கும். புறநகர்ப் பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. மழை விட்டு வெயில் அடித்த பகலில்கூட, பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் அமைப்புகள் மாடியில் சும்மா இருந்தன. விற்கும்போது இதை முதலில் சொல்லும் வியாபாரி நல்ல வியாபாரி.

காற்றாலையில் தொடங்கிய வழக்கு

வீட்டுக்காரர் ஒருவர் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பலாமா என்ற கேள்வி சூரியத் தகட்டால் எழவில்லை, காற்றாலையால் எழுந்தது. 1976இல் நியூயார்க் நகரின் கிழக்கு 11ஆம் தெருவில், பாழடைந்த குடியிருப்பு ஒன்றைத் தாங்களே சீரமைத்த மக்கள், கூரைமேல் 2 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவி நகர மின்கட்டமைப்போடு இணைத்தார்கள். மின் நிறுவனமான கான் எடிசன் எதிர்த்தது. மாநில ஒழுங்குமுறை ஆணையம் குடியிருப்போர் பக்கம் நின்றது. 1978இல் சிறு உற்பத்தியாளர்களிடமிருந்து மின்சாரம் வாங்குவதை மின் நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கும் சட்டம் அமெரிக்காவில் வந்தது. ஜெர்மனியில் 1981இல் தொடங்கிய எஸ்எம்ஏ நிறுவனம் 1995இல் ‘சன்னி பாய்’ என்ற சிறு இன்வெர்ட்டரை வெளியிட்டது. தகடுகளைச் சரமாகக் கோத்து ஒரே பெட்டிக்குக் கொண்டுவரும் அந்த முறைதான் இன்று தமிழ்நாட்டு வீடுகளிலும் வழக்கத்தில் இருக்கிறது.

காற்றாலை நாடான தமிழ்நாட்டில் வீட்டுக் காற்றாலை ஏன் வேர்பிடிக்கவில்லை என்று கேட்பதுண்டு. காற்றிலிருந்து கிடைக்கும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களில் வீசும் காற்று ஒரகடத்து மாடியில் வீசுவதில்லை. தவிர, கரண்ட் போனால் சூரியத் தகட்டைச் சும்மா விட்டுவிடலாம். சுழலும் இறக்கையை அப்படி விட முடியாது, சுமை நீங்கினால் வேகம் கட்டுமீறும். எனவே காற்றாலைக்கான கிரிட்-டை இன்வெர்ட்டருடன் மிகுதி மின்சாரத்தை வெப்பமாக எரித்துவிடும் மின்தடைப் பெட்டியும் தடுப்பானும் வேண்டும். சூரிய இன்வெர்ட்டரைக் காற்றாலையில் மாட்டி ஒப்பேற்ற முடியாது.

2012 முதல் 2021 வரை

2012 அக்டோபர் 20 அன்று முதல்வர் ஜெயலலிதா தமிழ்நாடு சூரிய மின்சக்திக் கொள்கையை வெளியிட்டார். 2015க்குள் 3000 மெகாவாட் என்பது இலக்கு. 2014 மார்ச் 31க்குள் சூரிய அமைப்போ சூரிய–காற்றுக் கலப்பமைப்போ நிறுவும் வீடுகளுக்கு, உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் முதல் இரண்டு ஆண்டுகள் 2 ரூபாயும், அடுத்த இரண்டு ஆண்டுகள் 1 ரூபாயும், அதற்கடுத்த இரண்டு ஆண்டுகள் 50 காசும் ஊக்கத்தொகை என்று அறிவிக்கப்பட்டது. நெட் மீட்டரிங்கும் அதில் இடம்பெற்றது. அதற்கான ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு 2013 நவம்பரில் வந்தது.

நெட் மீட்டரிங்கில் பகலில் அனுப்பிய யூனிட், இரவில் எடுத்த யூனிட்டோடு ஒன்றுக்கு ஒன்று கழியும். ஆண்டு நுகர்வில் 90 விழுக்காடு வரைதான் கழிக்கலாம், மிஞ்சியது வீண். அந்த எல்லைக்குள் மின்வாரியமே வீட்டுக்குப் பேட்டரியாக இருக்கிறது. சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டரை வாங்குவது சரியான முடிவு.

2019 பிப்ரவரியில் புதிய கொள்கை வந்தது. தொடர்ந்து மார்ச் மாத உத்தரவு, ஒன்றுக்கு ஒன்று கழிக்கும் முறையை எடுத்துவிட்டு, அனுப்பும் யூனிட்டுக்குத் தனி விலை வைத்தது. 2019–20க்கு அது 2.28 ரூபாய். உயர் அடுக்கில் கட்டணம் செலுத்தும் வீட்டுக்கு இது பெரிய இழப்பு. ஒரே இரவில் கணக்கு மாறிவிட்டது. அனுப்புவதைவிடச் சேமித்து வைத்துத் தானே பயன்படுத்துவது மேல் என்றானது. பேட்டரியும் சேர்ந்த ‘ஹைபிரிட்’ இன்வெர்ட்டருக்கு நியாயம் பிறந்தது. பிறகு 2021 அக்டோபர் 22 உத்தரவு வீடுகளுக்கு நெட் மீட்டரிங்கைத் திருப்பித் தந்தது. நெட்வொர்க் கட்டணம் என்ற ஒன்றும் கூடவே வந்தது.

மூன்று உத்தரவுகளிலும் தகடும் வெயிலும் ஒன்றே. விதி மட்டும் மாற, ‘எதை வாங்குவது’ என்ற கேள்விக்குப் பதிலும் மாறியது.

நோக்கியா வளாகத்தில் மைக்ரோ இன்வெர்ட்டர்

ஆலைப் பக்கத்தின் கதையும் இப்படியே. 2005 ஏப்ரலில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் செய்த நோக்கியா, 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8000 பேர் நேரடியாக வேலை செய்தார்கள். அவர்களில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து நிறுவனப் பேருந்தில் வந்துபோன இளம்பெண்கள் மிகுதி. வரித் தகராறு முற்றியதால், 2014இல் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலையை விட்டுவிட்டது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது.

நோக்கியாவுக்கு சார்ஜர் செய்துகொடுத்து அதே வளாகத்தில் இருந்த நிறுவனம், பின்லாந்தில் பிறந்த சால்காம்ப். சார்ஜர் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும், இன்வெர்ட்டர் அதைத் திருப்பிச் செய்யும். கைத்திறனும் உதிரிபாகங்களும் ஏறக்குறைய ஒரே குடும்பம். மூடிக்கிடந்த நோக்கியா ஆலையை சால்காம்ப் எடுத்துக்கொள்ளும் என்று 2019 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. 2020இன் கடைசிக் காலாண்டில், அமெரிக்காவின் என்ஃபேஸ் நிறுவனத்துக்காக சால்காம்பின் தமிழ்நாட்டு ஆலையில் மைக்ரோ இன்வெர்ட்டர் உற்பத்தி தொடங்கியது.

மைக்ரோ இன்வெர்ட்டர் என்பது ஒவ்வொரு தகட்டின் அடியிலும் ஒன்றாகப் பொருத்தும் சிறு பெட்டி. சரமாகக் கோத்த அமைப்பில் ஒரு தகட்டில் தென்னை மட்டையின் நிழல் விழுந்தால் சரத்தின் உற்பத்தியே குறையலாம். இதில் அந்தத் தகடு மட்டுமே குறையும். கூரையில் நூற்றுக்கணக்கான வோல்ட் நேர்திசை மின்சாரம் ஓடுவதும் இல்லை. விலை கூடுதல், பழுதானால் கூரை ஏற வேண்டும் என்பவை மறுபக்கம். என்ஃபேஸ் 2006இல் தொடங்கிய நிறுவனம். 2017 முதல் அதன் தலைவராக இருக்கும் பத்ரி கோதண்டராமன் சென்னை ஐஐடியில் படித்தவர்.

அவர்கள் இங்கு வந்ததற்கு ஊர்ப்பாசம் காரணம் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மையில், சீனப் பொருள்கள்மீது அமெரிக்கா விதித்த இறக்குமதி வரியிலிருந்து விலகச் சீனாவுக்கு வெளியே ஆலை தேவைப்பட்டது, மெக்சிகோவுக்குப் பின் இந்தியா. 2022 ஆகஸ்டில் அமெரிக்கா இயற்றிய சட்டம், அந்நாட்டிலேயே செய்யப்படும் மைக்ரோ இன்வெர்ட்டருக்கு வாட்டுக்கு 11 சென்ட் வரிச்சலுகை கொடுத்தது. 2023இல் என்ஃபேஸ் அமெரிக்காவில் உற்பத்தியைத் தொடங்கியது. அதைச் செய்துகொடுத்த நிறுவனங்களில் ஒன்று டெக்சாஸில் இருந்த அதே சால்காம்ப்.

தகடு உற்பத்தியும் இந்த வட்டாரத்துக்கு வந்துள்ளது. விக்ரம் சோலார் 2021இல் ஒரகடத்தில் 1.3 கிகாவாட் ஆலையைத் திறந்தது. பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஃபர்ஸ்ட் சோலாரின் 3.3 கிகாவாட் ஆலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஃபர்ஸ்ட் சோலாரின் மென்படலத் தகடுகள் பெரும்பாலும் பெரிய சூரியப் பண்ணைகளுக்குப் போகின்றன, வீட்டு மாடிகளுக்கு அல்ல.

இன்று வாங்குபவர் முன்

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்தது. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம். மானியம் பெறத் தகடும் அதன் செல்லும் உள்நாட்டில் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். திட்டம் தொடங்கியபோது இன்வெர்ட்டருக்கு அத்தகைய நிபந்தனை வைக்கப்படவில்லை. அதற்கு வேண்டியது இந்திய தர நிறுவனத்தின் பதிவு. பாதுகாப்புக்கு ஐஎஸ் 16221, கரண்ட் போனதும் விலகுவதற்கு ஐஎஸ் 16169. இந்த இரண்டு எண்களும் விலைப்பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்ப்பது, வாட் கணக்கைப் பார்ப்பதைவிட முக்கியம்.

தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்கு மானியம் சேர்த்தாலும் முதலீடு திரும்ப நாளாகும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளில்தான் சேமிப்பு பளிச்சென்று தெரியும். குஜராத் இத்திட்டத்தில் முன்னே போனதையும் தமிழ்நாடு பின்தங்கியதையும் ஒப்பிடுபவர்கள் இந்த இலவச யூனிட்டை மறந்துவிடுகிறார்கள்.

தகடுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள், இன்வெர்ட்டருக்குப் பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டு. ஆகவே ஒரு தகட்டின் ஆயுளில் இன்வெர்ட்டரைக் குறைந்தது இரண்டு முறை வாங்க வேண்டியிருக்கும். 2013 உத்தரவின் கீழ் முதல் இருவழி மீட்டரைப் பொருத்திய வீடுகளுக்கு அந்த இரண்டாவது பெட்டியை வாங்கும் வேளை வந்துவிட்டது. அன்று அவர்கள் விண்ணப்பம் கொடுத்த டான்ஜெட்கோ என்ற பெயர்கூட இப்போது இல்லை. 2024 முதல் அது தமிழ்நாடு மின்பகிர்மானக் கழகம்.