ஆலை முதல் ஜூஸர் வரை: சக்கை யாருக்கு?

இன்னைக்கு எபிசோடு ஒரே ஒரு வார்த்தையில இருந்து ஆரம்பிக்குது: ஆலை.

இந்தச் சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? பஞ்சாலை, சர்க்கரை ஆலை, உயரமான புகைபோக்கி, ஷிஃப்ட் மாறும்போது ஊதுற சங்கு. ஆனால் இந்தச் சொல்லின் பழைய பொருள் வேற. கரும்பைப் பிழிகிற எந்திரத்துக்குத்தான் ஆலை என்று பெயர். "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்று பழமொழி சொல்றோமே, அதுல வர்றது இந்த ஆலைதான். அதாவது, நாம ஃபேக்டரிக்கு வச்சிருக்கிற தமிழ்ப் பெயரே ஒரு ஜூஸரோட பெயர்.

இதை ஏன் தேடிப் போனேன்னு சொல்லிடறேன். தஞ்சாவூர்ல எங்க வீட்ல கொஞ்ச நாளா ஒரு விவாதம். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு. தினமும் காலையில ஜூஸ் குடிச்சா உடம்புக்கு நல்லது, ஆனா மிக்ஸியில அடிச்சா சத்து போயிடும், கோல்ட் பிரஸ் ஜூஸர்தான் வாங்கணும்னு சொந்தக்காரங்க சொல்லிட்டே இருக்காங்க. ஆன்லைன்ல பார்த்தா நல்ல மாடல் எல்லாம் பத்தாயிரத்தைத் தாண்டுது. வாங்கலாமா வேண்டாமா? விமர்சன வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் குழம்பினதுதான் மிச்சம். அப்புறம் வரலாற்றுப் பக்கம் போனேன். அங்கே மூணு கேள்வி கிடைச்சது. எப்படிப் பிழியுது? சக்கை எங்கே போகுது? யார் சுத்துறாங்க, யார் கழுவுறாங்க? இந்த மூணும் சங்க காலத்துல இருந்து மாறவே இல்லை.

யானை மாதிரி பிளிறிய எந்திரம்

கரும்பு நம்ம ஊருக்கு எப்படி வந்தது என்பதற்கே சங்க இலக்கியத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. அதியமானின் முன்னோர்தான் அதை இங்கே கொண்டுவந்தார்கள் என்று புறநானூற்றில் ஔவையார் பாடுகிறார். ஐங்குறுநூற்றில் மருதத்திணையைப் பாடிய ஓரம்போகியார், கரும்பு பிழியும் எந்திரத்தின் சத்தத்தை யானையின் பிளிறலோடு சேர்த்துப் பேசுகிறார். மருதம் என்றால் வயலும் வயல் சார்ந்த இடமும். நெல்லும் கரும்பும் பக்கத்துப் பக்கத்தில் இருந்த நிலம் அது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச குறிப்பு பட்டினப்பாலையில இருக்கு. காவிரிப்பூம்பட்டினத்தையும் சோழ நாட்டையும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய நூல் அது. காவிரி பாயும் நாட்டை வர்ணிக்கும்போது, கருப்பஞ்சாறு காய்ச்சுகிற ஆலையின் அனல் பட்டு, பக்கத்து வயலில் பூத்திருந்த நெய்தல் வாடிப்போச்சுன்னு ஒரு காட்சி வருது. புலவர் நாட்டின் வளத்தைத்தான் சொல்ல வருகிறார். ஆனாலும் சாறு எடுக்கிறதுக்கு ஒரு விலை உண்டு, அதை வேற யாரோ, இங்கே ஒரு பூ, கொடுக்குதுங்கிறது அவர் கண்ணுல பட்டிருக்கு.

இந்த நூல்களை நாம இன்னைக்குப் படிக்க முடியறதுக்கும் டெல்டாவுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. உ. வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர். பட்டினப்பாலை இடம்பெற்ற பத்துப்பாட்டை 1889லும், புறநானூற்றை 1894லும் அவர் அச்சுக்குக் கொண்டுவந்தது அந்த வருடங்களில்தான்.

மரத்திலிருந்து இரும்புக்கு

பல நூற்றாண்டுகளுக்கு எந்திரம் பெரிசா மாறலை. செக்கு மாதிரி ஒரு பெரிய உரல், அதில் சுழலும் மரத்தண்டு. இல்லாட்டி ஒன்றோடொன்று உரசிச் சுழலும் மர உருளைகள். இழுக்க மாடு. மரம் தேயும், உருளைகளுக்கு நடுவே இடைவெளி விழும், சாறு சக்கையிலேயே தங்கிடும்.

திருப்பம் 1870களில் வந்தது. பீகாரில் பிஹியா என்ற ஊரில் தாம்சன், மில்ன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் சின்னதாக ஓர் இரும்பு உருளை எந்திரம் செய்தார்கள். மாடு இழுக்கலாம், வண்டியில் ஏற்றி வயலுக்கே கொண்டுபோகலாம். சாறு அதிகம் வந்தது. வாங்க முடியாத விவசாயிகளுக்கு வாடகைக்கும் விட்டார்கள். "இதைச் சொந்தமா வாங்கணுமா, தேவைப்படும்போது மட்டும் போதுமா?" என்ற கேள்வி அப்பவே வந்திடுச்சு பாருங்க.

இன்றைக்கும் தெருவோரக் கரும்புச்சாறு வண்டியில் சுற்றுவது அதே தத்துவம்தான். இரும்பு உருளைகள், கரும்பை மடிச்சு மடிச்சு இரண்டு மூணு தடவை உள்ளே விடுறது, நடுவுல ஒரு துண்டு இஞ்சி, அரை எலுமிச்சை. சக்கரத்தைக் கையால சுத்தின காலம் போய் மோட்டார் வந்தாச்சு. ஒரு விஷயம் மட்டும் மாறலை: இரும்பு உருளைக்குக் கரும்புக்கும் கைக்கும் வித்தியாசம் தெரியாது. விரலை, கையை இழந்தவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. சாறு மலிவாகக் கிடைப்பதற்குப் பின்னால் அந்த ஆபத்தும் இருக்கிறது.

சக்கைக்கு வருவோம். பாபநாசம் வட்டாரத்தில் பொங்கலுக்கு முன்னால் போய்ப் பாருங்க, அச்சு வெல்லம் காய்ச்சுவார்கள். கரும்பைப் பிழிந்து, சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சணும். அடுப்புக்கு எரிபொருள் எது? பிழிஞ்ச சக்கையேதான், வெயிலில் காயவைத்தது. அங்கே எதுவும் வீண் இல்லை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

சட்னிக்காகப் பிறந்த எந்திரம்

டெல்டாவில் எந்திரம் என்று யோசித்தவர்கள் முதலில் யோசித்தது நெல்லைப் பற்றித்தான். அறுவடை நேரத்து மழையில் நனையும் நெல்லைக் காப்பாற்ற 1967ல் திருவாரூரில் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான், வளர்ந்து வளர்ந்து, இன்று தஞ்சாவூரில் இருக்கும் நிஃப்டெம் என்ற தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம். வீட்டுக்குள்ளேயும் அப்படித்தான். உரல், உலக்கை, அம்மி, ஆட்டுக்கல், திருகை என்று நம்ம கல் எல்லாமே அரிசிக்கும் பருப்புக்கும் மசாலாவுக்கும். பழம் பிழிய ஒரு கல் கிடையாது. பழத்தை நாம கடிச்சுத்தான் சாப்பிட்டோம். எலுமிச்சைக்குக் கை போதும். பானகத்துக்கு வெல்லத்தைக் கரைத்தால் போதும்.

அதனால் மின்சாரம் வந்தபோதும் முதலில் மாறியது மாவு அரைக்கிற வேலைதான். கோயம்புத்தூரில் 1950களில் வெட் கிரைண்டர் பிறந்தது. 1960களில் மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர் சுமீத் மிக்ஸியை உருவாக்கினார். வீட்டிலிருந்த வெளிநாட்டு மிக்ஸர் பழுதானதும், இந்தியச் சமையலின் மஞ்சளையும் காய்ந்த மிளகாயையும் தாங்கக்கூடிய மோட்டாரை அவரே வடிவமைத்தார் என்பது அதன் கதை. 1978ல் சென்னையில் ப்ரீத்தி வந்தது. 2011ல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியபோது, அம்மிக்கு முன்னால் குனிந்திருந்த பல வீட்டுப் பெண்களின் நேரம் மிச்சமானது. அதைச் சின்ன மாற்றம்னு நான் நினைக்கலை.

இதுல நமக்கு ஒரு பாடம் இருக்கு. மிக்ஸி சட்னிக்காகப் பிறந்தது. ஜூஸ் ஜார் அதுக்கு அப்புறம் ஒட்டிக்கிட்ட சொந்தக்காரர். அதனாலதான் மிக்ஸி பழத்தைப் பிழியாது, அரைக்கும். பிளேடு நிமிஷத்துக்குப் பதினெட்டாயிரம், இருபதாயிரம் சுற்று வரை போகும்.

ஜூஸர் மிக்ஸர் கிரைண்டரில் வரும் ஜூஸர் வேற வகை. பழத்தைத் துருவி, சல்லடைக்கூடையை வேகமாகச் சுழற்றி, சாற்றை வெளியே வீசும். வேகம் அதிகம், விலை குறைவு, ஆனால் நுரை வரும், சக்கையில் ஈரம் தங்கும், கீரைக்குச் சரிப்படாது. கோல்ட் பிரஸ் என்பது திருகு. நிமிஷத்துக்கு ஐம்பது, அறுபது சுற்று மாதிரி மெதுவாக நசுக்கும். யோசிச்சுப் பாருங்க, இது மூணாவது வகை ஒண்ணும் இல்லை. மாடு சுத்தின ஆலையோட பேரன்தான்! சக்கை காய்ந்து வரும், கீரையும் நெல்லிக்காயும் நன்றாகப் பிழியும். நேரம் ஆகும், பாகங்களைத் தேய்த்துக் கழுவணும். வேகமான ஜூஸர் சூட்டிலேயே சத்தெல்லாம் அழிந்துவிடும் என்ற விளம்பரப் பேச்சை அப்படியே நம்ப வேண்டியதில்லை. சில வினாடிகளில் சாறு அவ்வளவு சூடாகாது. காற்று கலப்பதால் நிறமும் ருசியும் சீக்கிரம் மாறும், அவ்வளவுதான். உடனே குடிப்பவருக்கு அது பெரிய வித்தியாசம் இல்லை.

சக்கைதான் கேள்வி

இப்போ எங்க வீட்டுக் கேள்விக்கு வர்றேன். கொப்பரை அடுப்புல சக்கை எரிபொருளாச்சு. வீட்டு ஜூஸர்ல சக்கை குப்பைக்குப் போகுது. ஆனா அந்தச் சக்கைதான் நார்ச்சத்து. சர்க்கரை ரத்தத்துல மெதுவா ஏற உதவுறது அதுதான். ஜூஸர் எவ்வளவு திறமையானதோ, அவ்வளவு சுத்தமா அதைப் பிரிச்சு எடுத்துடும்.

உலக சுகாதார நிறுவனம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையையும் நாம் சேர்க்கும் சர்க்கரையோடு ஒரே கணக்கில்தான் வைக்கிறது. முழுப் பழத்தில் இருப்பதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2024ல் வந்த ஐ.சி.எம்.ஆர். உணவு வழிகாட்டுதல், கரும்புச்சாற்றில் 100 மில்லிக்கு 13 முதல் 15 கிராம் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி, குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. 200 மில்லி டம்ளர் ஒன்றுக்கு 26 முதல் 30 கிராம். சர்க்கரை நோயாளிக்கு இது சின்ன எண் இல்லை.

ஆக, அம்மாவுக்கு எந்த ஜூஸர் நல்லது என்ற கேள்விக்கு எந்த ஜூஸரும் பதில் இல்லை. இதை நான் சொன்னப்போ அம்மா, "அப்போ கொய்யாப்பழத்தைக் கடிச்சே சாப்பிடறேன், பல்லு இன்னும் இருக்குல்ல"ன்னு முடிச்சுட்டாங்க. நாங்க வாங்கலை. எலுமிச்சை பிழிய ஒரு சின்ன கை எந்திரம் இருக்கு. நெல்லிக்காயை மிக்ஸியில அரைச்சு, வடிகட்டாம மோர்ல கலக்கறோம்.

உங்க வீட்டுக்கு வேற பதில் வரலாம். தினமும் கீரை, கேரட், இஞ்சி என்று காய்கறிச் சாறு குடிப்பவர்களா? மெதுவாகத் திருகும் ஜூஸர் பயன்படும். வாரத்துல ஒருநாள் விருந்தாளிக்கு ஆரஞ்சு ஜூஸா? கையால் பிழிவதே போதும். குழந்தைக்கு மாம்பழம், சப்போட்டா? மிக்ஸி இருக்கு, நாரும் உள்ளேயே இருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு கேள்வி மட்டும் சத்தமா கேளுங்க: இதைத் தினமும் கழுவப் போறது யாரு? பதில் ஒரே ஒருத்தரைப் பார்த்து வந்தா, முடிவை அவங்ககிட்டயே விட்டுடுங்க. நெய்தல் பூகிட்ட யாரும் கேக்கலை. நாமளாவது கேட்கலாம்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.