சிக்காகோவின் இரட்டைக் கோபுர மனைகள்

சிக்காகோ என்னும் பெயரைக் கேட்டதும் ஈழத்துத் தமிழர் உள்ளத்தில் முதலில் எழுவது 1893 ஆம் ஆண்டின் சர்வமத மகாசபையும், அங்கே முழங்கிய சுவாமி விவேகானந்தரின் குரலுமேயாகும். நான்காண்டுகள் கழித்து, 1897 இல், அச்சுவாமிகள் கொழும்பிலே கரையிறங்கி யாழ்ப்பாணம் வரை வந்தார். அந்நகரின் பெயரும் அவர் பெயரோடு சேர்ந்தே இங்குப் பரவியது. கட்டிடக்கலையின் வரலாற்றைப் பயில்வோர்க்கோ அதே 1893 வேறொரு காரணத்தாலும் நினைவுக்குரிய ஆண்டாகும்.

சிக்காகோ நகரின் நடுவே மொனாட்னொக் என்றொரு மாளிகை உண்டு. பதினாறு மாடிகளைக் கொண்ட அதன் வடபாதி 1891 இல் முடிந்தது. அந்தப் பாதியைத் தாங்குவன செங்கற் சுவர்கள். அத்தனை மாடிகளின் பாரத்தையும் சுமக்க வேண்டியிருந்தமையால் நிலமட்டத்திலே சுவரின் கனம் ஆறடி ஆயிற்று. 1893 இல் எழுந்த தென்பாதியிலோ பாரம் முழுவதும் உள்ளே மறைந்து நிற்கும் உருக்குச் சட்டகத்தின் மேல் விழுந்தது. சுவர் வெறும் போர்வையாகிவிட்டது. ஒரு யுகம் முடிந்து மறு யுகம் தொடங்கியதை ஒரே கட்டிடத்திற் காணலாம். 1871 இன் பெருந்தீயிலே நகரின் பெரியதொரு பகுதி சாம்பலானதும், 1885 இல் ஜென்னி என்னும் பொறியியலறிஞர் உலோகச் சட்டகத்தின் துணைகொண்டு பத்து மாடிக் கட்டிடமொன்றை எழுப்பியதும் இதற்கு முன்னுரை எனலாம்.

ஆனால், இவையெல்லாம் பெரும்பாலும் அலுவலகங்களே. பகலிலே பல்லாயிரவர் வந்து நிரம்பும் நகர நடுவிடம் மாலையானதும் வெறிச்சோடிவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இந்நிலை மேலும் முற்றியது. மோட்டார் வண்டி பெருகியது; விரைவுப் பாதைகள் நீண்டன; புறநகரில் தனிவீடு வாங்குவோர்க்கு எளிதிற் கடன் கிடைத்தது. 1950 இல் 36 இலட்சத்து 20 ஆயிரமாயிருந்த சிக்காகோவின் குடித்தொகை 1960 இல் 35 இலட்சத்து 50 ஆயிரமாகக் குறைந்தது. அதுவரை, கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு வளர்ந்தே வந்த நகரம் அது.

மக்கள் நகரைவிட்டு நீங்கினால் முதலில் நட்டமடைபவர் யார்? மாடிக் கட்டிடங்களைப் பெருக்கித் துடைப்போர், குளிர்காலத்தில் நிலவறை உலைக்கு நிலக்கரி இடுவோர், வாயிற் காவலர், லிப்ற் இயக்குவோர் ஆகியோரே. கட்டிடம் வெறுமையானால் அவர்களுக்கு வேலை ஏது? இவ்வகைத் தொழிலாளரின் பெருஞ்சங்கத்திற்கு 1940 முதல் 1960 வரை தலைவராயிருந்தவர் வில்லியம் மக்ஃபெட்ரிஜ். கூலி உயர்வு கேட்பதோடு சங்கத்தின் கடமை முடிந்துவிட்டது என்று அவர் கருதவில்லை. மக்கள் விரும்பிவந்து வாழும் மனைகளை நகரின் நடுவிலே சங்கமே முன்னின்று கட்டினால் என்ன என்று எண்ணினார். வேலையைக் காக்க வேலைத்தலத்தையே படைப்பது என்பது தொழிற்சங்க வரலாற்றில் அடிக்கடி காணப்படும் துணிவன்று.

சிக்காகோ ஆற்றின் வடகரையில், முன்னர் புகையிரத நிறுவனமொன்றின் உடைமையாயிருந்த ஏறக்குறைய மூன்று ஏக்கர் நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. கட்டிடக் கலைஞராக அமர்ந்தவர் அந்நகரிலேயே 1913 இற் பிறந்த பேட்ரண்ட் கோல்ட்பேர்க். அவர் இளமையிலே ஜெர்மனி சென்று பௌஹவுஸ் என்னும் புகழ்பெற்ற கலைக்கூடத்தில் மீஸ் வான் டெர் றோவிடம் பயின்றவர். பின்னர் சிக்காகோவுக்கே வந்து குடியேறிய அவ்வாசிரியர், 1951 இல் ஏரிக்கரையோரத்தில் இருபத்தாறு மாடிகள் கொண்ட இரு மனைக் கட்டிடங்களை உருக்கினாலும் கண்ணாடியாலும் எழுப்பியிருந்தார். அவை கோடு பிசகாத நாற்சதுர வடிவின. மாணாக்கரோ ஆசிரியரின் நேர்கோட்டைக் கைவிட்டு வட்டத்தை மேற்கொண்டார்.

பணம் திரட்டுவது எளிதாயிருக்கவில்லை. வீட்டுக் கடனுக்குப் பிணை நிற்கும் மத்திய அரசின் நிறுவனம் பிள்ளைகளுள்ள குடும்பங்களையே மனத்திற் கொண்டிருந்தது. தனித்து வாழ்வோரும் பிள்ளையில்லாத் தம்பதியரும் நகர நடுவில் வாழ விரும்புவர் என்பதை அதற்கு எடுத்துக் காட்டிப் பிணை பெறவேண்டியிருந்தது. ஒருவாறு அது கைகூட, 1960 நவம்பரில் அடித்தளப் பணி தொடங்கியது.

சிக்காகோவின் நிலம் மென்களி. உறுதியான பாறையைத் தொட நூறடிக்கும் கீழே இறங்கவேண்டும். ஆகவே ஆழக் குழிகள் தோண்டி, அவற்றைக் கொங்கிறீற்றால் நிரப்பித் தூண்களாக்கி, அவற்றின் மீது கட்டிடத்தை நிறுத்துவது அந்நகரின் பழைய முறை. அதற்கு மேலே நடந்ததுதான் புதுமை. ஒவ்வொரு கோபுரத்தின் நடுவிலும் 35 அடி விட்டமுள்ள கொங்கிறீற்று உருளையொன்று முதலில் உயர்ந்தது. மரத்துக்கு அடிமரம் எப்படியோ கோபுரத்துக்கு அவ்வுருளை அப்படி. லிப்ற், படிக்கட்டு, குழாய்கள் யாவும் அதனுள்ளே அடங்கும். காற்றின் தாக்குதலைப் பெரிதும் தாங்கி நிற்பதும் அதுவே. உருளை முன்னே செல்ல, மாடித் தளங்கள் அதைச் சுற்றிப் பின்னே ஏறி வந்தன.

இவ்வளவு உயரத்துக்குச் சீமெந்துக் கலவையையும் கம்பியையும் கொண்டு செல்வது எவ்வாறு? நிலத்தில் நின்று இயங்கும் பாரந்தூக்கிக்கு அவ்வுயரம் எட்டாது. போரிலே சிதைந்த நகரங்களை மீளக் கட்டிய ஐரோப்பாவிற் கோபுரப் பாரந்தூக்கிகள் பெருவழக்காயிருந்தன. ஐக்கிய அமெரிக்காவிலோ கட்டிடப் பணிக்கு அவை வந்ததில்லை. சுவீடனிலிருந்து வந்த இவ்வகை இயந்திரம் உருளையின் உச்சியில் அமர்ந்து, கட்டிடம் உயர உயரத் தானும் உயர்ந்தது. நம் ஊர் மேசன்மார் சாரத்தின் மேற் சாரம் கட்டிக் கலவைச் சட்டியைக் கைமாற்றும் காட்சியைக் கண்டவர்கள், அதனால் மிச்சமாகும் உழைப்பையும் நேரத்தையும் எளிதில் உணர்வர். வளைந்த பகுதிகளை வார்ப்பதற்குக் கண்ணாடியிழை அச்சுகள் பயன்பட்டன. மரப்பலகை அச்சு சில முறைகளிற் பழுதாகும். கண்ணாடியிழை அச்சைக் கழற்றி, மாடிக்கு மாடி ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வார்க்கலாம்.

ஒவ்வொரு மனைத்தளமும் பதினாறு இதழ்கள் கொண்ட மலர் போன்றது. அறை உட்புறத்திலே ஒடுங்கி வெளிப்புறத்திலே அகன்று, அரைவட்ட மேன்மாடத்தில் முடிகிறது. சமையலறையும் குளியலறையும் ஒடுங்கிய பக்கத்தில் அமைந்தன. வெளியிலிருந்து பார்க்கும் நகரமக்கள் இவற்றுக்குச் சோளப்பொத்தி என்று பட்டப்பெயர் சூட்டினர். அதை மிஞ்சிய வருணனை இல்லை. கீழேயுள்ள பத்தொன்பது மாடிகளில் வெளிச்சுவரே கிடையாது. அவை சுற்றிச் சுற்றி ஏறும் சாய்பாதையிலே மோட்டார் வண்டிகள் நிற்கும் இடம். அவற்றுக்கு மேலேதான் மனைகள். இரு கோபுரங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 900. 1962 இன் பிற்பகுதியில், வேலை முற்றும் முடியுமுன்பே, மக்கள் குடியேறத் தொடங்கினர். 587 அடி உயர்ந்த அக்கோபுரங்களே அக்காலத்தில் உலகின் மிகவுயர்ந்த குடிமனைகளும் மிகவுயர்ந்த கொங்கிறீற்றுக் கட்டிடங்களுமாகும். அருகே அலுவலகக் கட்டிடமும் அரங்கும் பனிச்சறுக்கு முற்றமும் ஆற்றிலே படகுத்துறையும் அமைந்தன. அப்படகுத்துறையே ‘மரீனா சிற்றி’ என்னும் பெயருக்குக் காரணம்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்கலாம். அம்மனைகளில் வெப்பமூட்டலும் சமையலும் முற்றிலும் மின்சாரத்தால் நடந்தன. நிலக்கரி உலையும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. உலைக்குக் கரியிடுவதையே தலைமுறைகளாகத் தொழிலாகக் கொண்டிருந்தவர்களின் சங்கம், அத்தொழிலுக்கு இடமில்லாத வீட்டைக் கட்டியது! காலம் எப்படியும் பறிக்கவிருந்த வேலை அது என்று சங்கத்தார் கண்டிருக்கலாம். ஆயினும், பிள்ளைகுட்டியோடு வாழும் தொழிலாளி ஒருவன் அச்சிறிய மனைகளில் எவ்வாறு குடியிருப்பான் என்னும் வினா எஞ்சியே நிற்கிறது. அவை அவன் பணி செய்வதற்காகக் கட்டப்பட்டவை. அவன் வாழ்வதற்காக அன்று.

உயரத்தின் பெருமையும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. டாக்காவில் 1929 இற் பிறந்து சிக்காகோவிற் பணியாற்றிய ஃபஸ்லுர் கான், நடுவுருளையை நம்பாமல், நெருக்கமாக நிறுத்திய வெளித்தூண்களையே ஒரு குழாய்போல ஆக்கிக் காற்றை எதிர்க்கும் முறையைக் கண்டார். 1960களின் நடுப்பகுதியில் அம்முறையிலே 43 மாடிக் குடிமனைக் கட்டிடமொன்று அந்நகரில் எழுந்தது. 1968 இல் ஏரிக்கரையில் 70 மாடிகளோடு 645 அடி உயர்ந்த கொங்கிறீற்றுக் கோபுரம் மரீனா சிற்றியை விஞ்சியது. கானின் கணிப்பில் அமைந்த நூறு மாடி ஹன்கொக் மாளிகையும் அதே ஆண்டு தன் முழு உயரத்தை எட்டியது. அதன் 44 ஆம் மாடிக்கு மேலே இருப்பவையும் பெரும்பாலும் வீடுகளே.

குடித்தொகை வீழ்ச்சியை இரண்டு கோபுரங்களால் நிறுத்த இயலுமா? 1970 இல் அது 33 இலட்சத்து 66 ஆயிரமாயிற்று. 1977 இல் மரீனா சிற்றியின் மனைகள் வாடகை வீடுகளாயிருந்த நிலை மாறித் தனித்தனி உரிமையாளரிடம் சேர்ந்தன. அலுவலகம் விடுதியாயிற்று, அரங்கு 1996 இல் இசைக்கூடமாயிற்று, பனிச்சறுக்கு முற்றம் இருந்த இடத்தில் உணவகம் எழுந்தது. படகுத்துறையும் இதழ்வடிவ மேன்மாடங்களும் சுவரற்ற பத்தொன்பது வண்டி மாடிகளும் மட்டும் எஞ்சியிருக்க, 2016 இல் நகரசபை மரீனா சிற்றியைப் பாதுகாக்கப்பட வேண்டிய நினைவுச் சின்னமாக அறிவித்தது.