சிறுபான்மை உரிமை யாருடையது?

1925இல் இயேசு சபையினர் நுங்கம்பாக்கத்தில் இலயோலா கல்லூரியைத் தொடங்கினர். 1947 ஆகஸ்ட் 15 அன்று மயிலாப்பூரில் 32 மாணவியரோடு ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி பிறந்தது. 1960இல் கதீட்ரல் சாலைக்குப் பெயர்ந்தது. இவற்றில் படித்து முன்னேறிய தலைமுறைகளை நாம் மறுக்கவில்லை.

ஆனால் 1950ஐ நாம் மறக்க முடியாது. அரசமைப்பின் 30ஆம் பிரிவு, கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினருக்குத் தந்தது. அதே ஆண்டு வந்த குடியரசுத் தலைவர் ஆணை, கிறித்தவத் தலித்துகளைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. பின்னர் சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் உள்ளே வந்தனர். நம் மக்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். 2005இன் 93ஆவது திருத்தம் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்களித்தது.

ஆக, ஒரே ஞானஸ்நானம் நிறுவனத்துக்கு உரிமையானது, தலித்துக்கு இழப்பானது. அரசு அடைத்த கதவைத் திறக்கும் கடமை கல்லூரியின் மனசாட்சிக்கே விடப்பட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்பதை இந்திய ஆயர் பேரவையே 2016இல் தன் தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது.

எனவே நாம் கேட்பது சலுகையல்ல, பங்கு. ஒரு கல்லூரியின் கத்தோலிக்க அடையாளத்தை அதன் சிற்றாலயத்தில் மட்டும் தேடாமல், மாணவர் சேர்க்கைப் பட்டியலிலும் ஆசிரியர் நியமனத்திலும் தேடுவோம்.