தூசும் தலைக்கணக்கும்: விருத்தாசலம் பீங்கான் தொழிலை முன்வைத்துப் பணியிட இடர் அறிதலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பீங்கான் தொழிலில் சிலிக்காத் தூசு விளைக்கும் தீங்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாக அறியப்பட்டதாகும். அத்தீங்கைப் பணியிடத்தில் இனங்கண்டு மதிப்பிடும் கடமையை இந்தியச் சட்ட மரபு தொழிலாளர் எண்ணிக்கையோடு பிணைத்துள்ளது. சிறு தொழிலகங்களை மிகுதியாகக் கொண்ட விருத்தாசலம் போன்ற நகரில் இப்பிணைப்பின் பொருள் யாது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: விருத்தாசலம், பீங்கான் தொழில், சிலிக்கோசிஸ், தொழிற்சாலைகள் சட்டம், இடர் மதிப்பீடு

களமும் செய்முறையும்

மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம், பழமலைநாதர் கோயிலால் அறியப்பட்ட ஊர். இன்றைய கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இந்நகர் பீங்கான் நகரமாகவும் பெயர் பெற்றமைக்கு நிலவியல் ஒரு காரணமாகும். நெய்வேலிப் பகுதியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணடுக்குகளில் வெண்களிமண் கிடைக்கிறது. அரசின் பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் பீங்கான் தொழிற்பேட்டையும் இங்கு அமைந்தன. மின் உருகிக்கான பீங்கான் பிடிகள், மின்காப்பான்கள், அகல் விளக்குகள், பொம்மைகள் ஆகியன இங்குள்ள சிறு தொழிலகங்களின் அறியப்பட்ட பொருள்கள்.

தீங்கு விளைக்கவல்ல பொருளோ செயலோ 'இடர்மூலம்' எனவும், அது எவருக்கு, எந்த அளவில் தீங்காக முடியும் என்னும் வாய்ப்பு 'இடர்நிலை' எனவும் இக்கட்டுரையில் வழங்கப்படுகின்றன. சூளையின் வெப்பம், மின்சாரம், ஈயம் கலந்த மெருகுப்பூச்சு ஆகியவையும் இத்தொழிலின் இடர்மூலங்களே. எனினும் வெப்பம் உடனே சுடும். தூசு அவ்வாறு சுடுவதில்லை. ஆய்வுக்கு உரியது இந்த வேறுபாடுதான்.

பீங்கான் கலவையில் களிமண்ணோடு பெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர்கின்றன. குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிக்கா. கலவை ஈரமாக இருக்கும்வரை தூசு அடங்கியிருக்கும். உலர்ந்த மூலப்பொருளைக் கொட்டும்போதும், அச்சிலிருந்து எடுத்து உலர்த்திய பொருளின் பிசிறைச் சுரண்டித் தேய்க்கும்போதும், தரையில் சிந்திக் காய்ந்த கூழைத் துடைப்பத்தால் பெருக்கும்போதும் அது காற்றில் எழுகிறது. நுரையீரலின் ஆழம்வரை செல்லும் துகள்கள் பெரும்பாலும் 5 மைக்ரானுக்கும் குறைந்தவை; கண்ணுக்குத் தெரியாதவை. கொட்டகை தூய்மையாகத் தோன்றுவது சான்றாகாது. பெருக்குபவர் 'தொழில் செய்பவர்' என்ற கணக்கிலேயே வராமல் போவதும் உண்டு. ஆனால் அப்பணி தூசுக்கு மிக நெருக்கமான பணிகளுள் ஒன்று.

முன்னரே அறியப்பட்ட தீங்கு

இத்தீங்கு அண்மைய மருத்துவத்தின் கண்டுபிடிப்பன்று. இத்தாலிய மருத்துவர் ராமாசினி 1700இல் வெளியிட்ட தொழில்நோய் நூலில் குயவர்களைப் பற்றித் தனியே எழுதினார். ஆயினும் அங்கு முதன்மை பெற்றது ஈயமே. இங்கிலாந்தில் தாமஸ் பென்சன் 1726இலும் 1732இலும் பெற்ற காப்புரிமைகள் தீக்கல்லை நீரில் இட்டு அரைக்கும் முறைக்கு உரியவை. உலர் அரைவையின் தூசு தொழிலாளரின் உயிரைக் குடித்தது என்பதே அம்முறைக்குக் கூறப்பட்ட காரணம். இடர்மூலத்தை இனங்கண்டு செய்முறையையே மாற்றிய தொடக்ககாலச் சான்றுகளுள் இஃது ஒன்று எனலாம். எனினும் அரைவையில் அடங்கிய தூசு பிற கட்டங்களில் தொடர்ந்து எழுந்தது. வடக்கு ஸ்டாஃபோர்டுஷயர் மருத்துவமனையில் பணியாற்றிய ஆர்லிஜ் 1892இல் வெளியிட்ட நூல், குயவர்களின் நுரையீரல் நோயை விரிவாகப் பேசுகிறது. பிரித்தானியாவின் 1947ஆம் ஆண்டுச் சிறப்பு விதிகளே முதற்சூட்டுக்குப் பொருள்களை அடுக்குவதில் தீக்கல், குவார்ட்ஸ் பொடிகளைத் தடை செய்தன. பென்சனின் முதற் காப்புரிமைக்கும் இத்தடைக்கும் இடையே 221 ஆண்டுகள். அறியாமையால் நேர்ந்த காலத்தாழ்வு என்று இதனைக் கொள்ள இயலாது.

இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதலில் பதிவானது கோலார் தங்கவயலில். அங்கு உழைத்தோருள் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற தமிழர்கள் பெருந்தொகையினர். 1934இல் நோய் பதிவாகியது. 1940இல் மைசூர் அரசு சிலிக்கோசிஸ் விதிகளை வகுத்தது. ஒரே நிறுவனம், நிலையான பதிவேடு, நிறுவன மருத்துவமனை ஆகியவை அங்கு நோயைக் காணத் துணைநின்றன. சிறுதொழில் நகரில் இவை ஒருங்கே அமைவது அரிது.

சட்டத்தின் அளவுகோல்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் மின்விசையோடு 10 பேரும் மின்விசையின்றி 20 பேரும் பணிபுரியும் இடத்தைத் தொழிற்சாலை என வரையறுத்தது. பிரிவு 87 ஆபத்தான செயல்முறைகளுக்குத் தனி விதிகள் வகுக்க இடமளித்தது. அவ்வகையில் அமைந்த மாதிரி விதிகளின் பீங்கான் அட்டவணை, பிரித்தானிய விதிகளை வெகு நெருக்கமாகத் தழுவியது. மூன்றாம் அட்டவணை சிலிக்கோசிஸை அறிவிக்கத்தக்க நோயாகச் சேர்த்தது. போபால் பேரழிவுக்குப் பின் 1987இல் வந்த திருத்தம் தூசுக்கு எண்வரம்பு தந்தது: சுவாசத்தில் நுழையும் தூசில் குவார்ட்ஸின் விழுக்காட்டோடு 2ஐக் கூட்டி, அத்தொகையால் 10ஐ வகுக்க வேண்டும். குவார்ட்ஸ் 25 விழுக்காடாயின் ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 0.37 மில்லிகிராமே வரம்பு. இதனை அறியத் தொழிலாளரின் மூச்சுமண்டலத்தில் காற்று மாதிரி எடுக்கும் கருவியும் ஆய்வகமும் வேண்டும்.

இவ்விதிகள் நுட்பமானவை, குறை அவற்றின் வாயிலில் உள்ளது. எட்டுப்பேர் பணிபுரியும் கொட்டகை அவ்வாயிலுக்குள் நுழைவதில்லை. கலவை ஓரிடத்திலும் வார்ப்பு வேறிடத்திலும் சூளையிடல் மற்றோரிடத்திலும் நிகழுமாயின், செய்முறை ஒன்றாயிருக்கத் தலைக்கணக்கு மட்டும் பிரிந்துவிடுகிறது. பொது வசதிகளைப் பகிர்ந்துகொள்ளும் தொழிற்பேட்டை முறைக்கு இப்பிரிவு இயல்பானது. பிரிவு 85இன்படி மாநில அரசு எண்ணிக்கை நோக்காமல் சட்டத்தை விரிவாக்க இயன்றது. ஆனால் உரிமையாளர் தம் குடும்பத்தாரைக் கொண்டு மட்டும் நடத்தும் இடத்திற்கு அவ்விரிவும் இருக்கவில்லை. 2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்பு, தொழிற்சாலைக்கான எண்களை 20, 40 என இரட்டித்தது. அபாயமான தொழிலுக்கு ஒருவரே பணிபுரியினும் விரிவாக்கலாம் என்னும் வழி தொடர்கிறது. அதற்கும் அரசின் அறிவிக்கை வேண்டும்.

முரண்படும் இரு கணக்குகள்

இவ்விடத்தில் 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் கூர்ந்து நோக்கத்தக்கது. அதன் மூன்றாம் அட்டவணை 'இ' பகுதியில் சிலிக்கோசிஸ் இடம்பெற்றது. தொழிலாளி ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட முதலாளிகளிடம் பணிபுரிந்து இந்நோயுற்றால், அனைவரும் ஆணையர் நியாயமெனக் கருதும் விகிதத்தில் பொறுப்பேற்க வேண்டும் என்றது பிரிவு 3(2அ). நோய் பல ஆண்டுகளின், பல கொட்டகைகளின் திரட்சி என்பதைச் சட்டம் இங்கு ஏற்றுக்கொண்டது. நோய் வந்தபின் முதலாளிகளைக் கூட்டிக் கணக்கிடும் சட்ட மரபு, நோய் வருமுன் அவர்களைத் தனித்தனியே எண்ணி விடுவிக்கிறது. இழப்பீட்டின் தருக்கம் தடுப்புக்கும் பொருந்துமாயின், இடர் மதிப்பீட்டின் அலகு தனிக் கொட்டகையாக இராது. கலவை முதல் சூளைவரை நீளும் செய்முறையும் அது நிகழும் தொழிற்பேட்டையுமே அலகாகும். மாதிரி எடுக்கும் கருவியின் செலவும் அப்போது பொதுச் செலவாகும்.

கூட்டிக் கணக்கிட ஆவணம் வேண்டும். எவர் எந்தக் கொட்டகையில் எத்தனை ஆண்டு பிசிறு நீக்கினார் என்பதற்கு வருகைப் பதிவேடு தேவை. தலைக்கணக்கின் கீழ் வராத இடத்திலோ அது இல்லாமற்போக வாய்ப்பு மிகுதி. எக்ஸ்ரே படத்தில் சிலிக்கோசிஸின் நிழல்கள் காசநோயின் நிழல்களை ஒத்திருக்கக்கூடும்; சிலிக்கோசிஸ் உற்றவருக்குக் காசநோய் எளிதில் பற்றவும் செய்யும். பணி வரலாறு கேட்கப்படாத மருத்துவமனையில் காசநோய்ச் சீட்டு எழுதப்படுகிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 89 கோரிய நோய் அறிவிப்பை எழுத மேலாளர் ஒருவர் வேண்டும். அல்லது தம் முன் இருப்பவர் தொழிற்சாலையில் உழைத்தவர் என அறிந்த மருத்துவர் வேண்டும்.